திறப்பின் நீளம், அதோடு ஒரு விரல்

இரவு ஒன்பதே முக்காலுக்கு
மேசையிலிருந்து சாப்பாட்டுக் கோப்பைகள் போய்
மெசின் வந்து உட்காரும்.
மத்திய வீதியில்
வெட்டுத்துணி நிறுத்து விற்கிற கடையில்
முக்கால் கிலோ வாங்கினேன், மயில்கழுத்து நிறம்.
இழுபடும். வியர்வை குடிக்கும்.
சாயம் போகுமோ, தெரியாது.

கடைகளில் தொங்கும் காற்சட்டைகளில்
பொக்கற் இல்லை.
ஓடுகிற பெண்ணிடம் திறப்பு இருக்காது
என்று நினைத்தார்களோ,
கதவு திறந்துவிட வீட்டில் ஒருவர்
விழித்திருப்பார் என்றோ.
கேதீசுக்குச் சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை.
மற்றத் திறப்பு பக்கத்து வீட்டுப் புஸ்பமலர் அக்காவிடம்.
ஆகவே முதலில் வெட்டியது பொக்கற்றைத்தான்:
திறப்பின் நீளம், அதோடு ஒரு விரல்.

பாதித் தையலில் கொப்பியோடு வருகிறான் அபிநயன்.
‘ஓடு. மூண்டு கருத்து எழுதட்டாம்.’
கூரையில் இருக்கிறது. காலால் செய்கிறது.
‘மற்றது?’
நண்டின்ர ஓடு, என்கிறேன்
பல்லிடையில் குண்டூசியோடு.
நூலும் ஓடுதுதானே என்றால்
‘ரீச்சர் பிழை போடுவா.’

கணக்கு இதுதான்:
பத்தரைக்குப் படுத்தால் நாலரைக்கு எழும்பலாம்,
நாலு கிலோமீற்றர்.
பதினொன்றரைக்குப் படுத்தால்
ஒரு மடிப்பு முடியும், ஓட்டம் போய்விடும்.
இரண்டும் கேட்பது அதே ஒரு மணித்தியாலத்தை,
பாணின் நடுத்துண்டுக்கு அடிபடும்
என் பிள்ளைகள் மாதிரி.

கந்தோரில் நிஸ்மியா கேட்டாள்:
‘தைச்சதை வாங்கலாம். ஓடாம நடக்கலாம்.
உனக்கு ஏன் இந்தக் கரைச்சல்?’
நல்ல கேள்வி.
சம்பளப் பட்டியலை இரண்டாம் தரம்
கூட்டிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.
நாள் முழுக்க நான் செய்வதெல்லாம்
மறுநாள் திரும்ப அழுக்காகிறது,
பசிக்கிறது, தீர்ந்துபோகிறது.
தைத்தால் தைத்ததுதான்.
ஓடிய தூரத்தை எவரும்
கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொல்வதில்லை.

நேற்றிரவு பொபினில் நூல் முடிந்தது.
வலது காலுக்கு மடிப்பு வந்தாயிற்று.
இடது காலை மடித்து
நாலு ஊக்குக் குத்தினேன்.
இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

உவர்மலை இறக்கம்.
வலது காலில் சத்தமில்லை,
இடது கால் மெல்லக் கிலுங்குகிறது.
டச்சுக்குடாவில் கடல்
இன்னும் எழும்பாதது போலக் கிடக்கிறது.
வீதியோரம் மான்கள்,
யாரோ எறிந்த லன்ச் சீற்றை மென்றபடி.
ஒன்று தலை தூக்கி
என் இடது காலைப் பார்த்தது.

கோட்டை வாசலுக்கு இருநூறு மீற்றர் இருக்க
ஊக்கொன்று திறந்து கணுக்காலில் ஏறியது.
மடிப்பு அவிழ்ந்து குதிக்காலில் மிதிபட்டது.
விளக்குக் கம்பத்தின் கீழ் குந்தி
ஊக்குகளைக் கழற்றி
முழங்கால் வரை சுருட்டினேன், ஒரு காலை மட்டும்.
கரைவலைக்குப் போன இரண்டு பேர்
(அவர்களும் சாரத்தை மடித்துக் கட்டியவர்கள்தான்)
பார்த்தார்கள், போனார்கள்.
நான் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஏற்றத்தில் மூச்சு கிழிந்தது.
திறப்பு மட்டும்
தொடையோடு ஒட்டிக் கிடந்தது,
ஒரு தடவையும் துள்ளவில்லை.

கதவைத் திறக்க
துவாரகி எழும்பிக் கதிரையில் இருக்கிறாள்.
இல்ல விளையாட்டுப் போட்டிக்கு
மஞ்சள் சட்டை வேணுமாம், வியாழனுக்கு.
‘இண்டைக்கு என்ன கிழமை?’
‘செவ்வாய்.’
என் கணுக்காலில் ஒரு பொட்டு இரத்தம்.
அவள் அதைக் காணவில்லை,
பொக்கற்றுக்குள் கை விட்டு
ஆழம் பார்க்கிறாள்.
‘என்ர சட்டையிலயும் இப்பிடி ஒண்டு வையுங்கோ.’
‘எதுக்கு?’
யோசிக்கிறாள்.
‘தெரியாது. வையுங்கோ.’